இறங்காத முத்து

தாய்மாரே, வாசலில் வண்டி நிற்கிறது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிப் பூட்டுவதற்குள் இதைச் சொல்லி முடித்துவிட வேண்டும். நான் சொல்லச் சொல்ல என் மகள் மயிலாத்தாள் எழுதுகிறாள். எனக்கு எழுத்துத் தெரியாது; அவள் ஐந்து வகுப்புப் படித்தவள். இதில் சீழ் வரும், பேன் வரும், நாற்றம் வரும். மூக்கைச் சுளித்தாலும் ஒரு சொல் விடக்கூடாது என்று சொல்லித்தான் உட்கார வைத்திருக்கிறேன். நான் மாரியாத்தாளிடம் நேர்ந்துகொண்டது மொட்டையும் அல்ல, பூவோடு என்கிற தீச்சட்டியும் அல்ல. என் பிள்ளையை என் மடியில் போட்டால் நாறியதை நாறியதாகவே ஊருக்குச் சொல்கிறேன் என்பதுதான் என் நேர்த்தி.

எங்கள் ஊர் மீனாட்சிபுரத்துக்குப் பக்கம். மாடும் நிலமும் உள்ள குடும்பம். எனக்குக் கலியாணத்துக்கு முன்பே நெற்றி மேட்டில், வகிடு தொடங்கும் இடத்தில், தோலுக்கு அடியில் ஒரு சின்ன உருண்டை இருந்தது. கடலைப் பருப்பு அளவு. வலி கிடையாது. விரலால் தள்ளினால் நகரும். நடுவில் மிளகுத்தூள் ஒட்டியது போல ஒரு கரும்புள்ளி. பொட்டைக் கொஞ்சம் மேலே தள்ளிப் பெரிதாக வைத்தால் தெரியாது. அப்படியே நாலைந்து வருஷம் ஓட்டினேன்.

மயிலா பிறந்து ஒன்பதாவது மாதம், பங்குனிக் கடைசி. ஊரில் அம்மை போட்டிருந்தது. எங்கள் தெருவிலேயே மூன்று வீட்டு வாசலில் வேப்பிலை கட்டியிருந்தார்கள். அந்த வாரம் எனக்கும் காய்ச்சல் வந்தது. உடம்பெல்லாம் வேர்க்குரு போலப் பொரிந்தது. நெற்றி உருண்டை சிவந்து நெல்லிக்காய் அளவுக்கு வீங்கி, தொட்டால் உயிர் போகிற மாதிரி வலித்தது. அதற்குக் காரணம் நான்தான். முந்தின வாரம் அரிப்புத் தாங்காமல் சீப்புப் பல்லால் அந்தக் கரும்புள்ளியைக் குத்திக் கிளறியிருந்தேன். அசிங்கமாக இருந்ததால் அதை யாரிடமும் சொல்லவில்லை. அப்போதே சொல்லியிருந்தால் பாதித் துன்பம் இல்லை.

வீட்டை நடத்தியவர் என் வீட்டுக்காரரின் அக்காள் மாராத்தாள். நான் நங்கை என்று கூப்பிடுவேன். புருஷன் போய், பிள்ளையும் இல்லாமல் தம்பி வீட்டுக்கு வந்தவர். அவர் மாரியம்மன் கோயில் பண்டாரத்தைக் கூட்டி வந்தார். பண்டாரம் வாசலிலேயே நின்று என் நெற்றியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஆத்தா வந்திருக்கறா. நெத்தியிலயே உக்காந்திருக்கறா பாருங்க. நடுவால கருப்பாத் தெரியுதே, அது ஆத்தாளோட கண்ணுங்க."

அவ்வளவுதான். என்னை மாட்டுச்சாளையின் ஓரத்தில் வேப்பிலை பரப்பிப் படுக்க வைத்தார்கள். அம்மை கண்ட வீட்டு முறை உங்களுக்குத் தெரியும். தாளிக்கக் கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது, பிள்ளை குட்டி கிட்டே வரக்கூடாது. முத்தெல்லாம் இறங்கின பிறகு மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைத் தலையில் ஊற்றுவார்கள். ஊற்றினால்தான் வீட்டுக்குள் சேர்ப்பு. மயிலாவை நங்கை தூக்கிக்கொண்டு உள்ளே போனார். ஒரு பதினைந்து நாள்தானே என்று நான் அழவில்லை.

ஐந்தாம் நாளே காய்ச்சல் விட்டது. பொரிந்ததெல்லாம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. தெருவில் மற்ற வீடுகளில் தண்ணீர் ஊற்றி, வேப்பிலையை அவிழ்த்து, கறிவேப்பிலை தாளிக்கிற வாசனை வர ஆரம்பித்தது. எனக்கு மட்டும் ஊற்றவில்லை. நெற்றியில் இருந்தது போகவில்லை அல்லவா!

"ஒரு முத்து இன்னும் எறங்கலீங்க," என்றார் பண்டாரம். "எறங்காமத் தண்ணி ஊத்துனா ஊருக்கே ஆகாது. அந்த எடத்துல மருந்து போடப்படாது. இரும்பு படவே படாது."

சித்திரை போயிற்று. வைகாசி போயிற்று. ஆனி போயிற்று. அந்த ஒரு முத்து இறங்கவே இல்லை.

இனிமேல்தான் அருவருப்பு. மயிலா, எழுது.

மூன்று மாதத்துக்கு மேல் தலையில் தண்ணீர் படாதவள் எப்படி இருப்பாள் என்று நினைத்துப் பாருங்கள். என் கூந்தல் பிசுபிசுத்துத் திரிதிரியாக ஒட்டிக்கொண்டது. பேன் காதோரம் இறங்கி வந்து கழுத்தில் ஊர்ந்தது. கட்டியிலிருந்து நிறம் கெட்ட நீர் கசிந்து புருவத்தில் காய்ந்து பொருக்காகும். அதைத் துடைக்கவும் கூடாது, ஆத்தா என்பார்கள். கசிகிற அந்த இடத்தில் வெள்ளிக்கிழமைதோறும் பண்டாரம் மஞ்சளை அப்பிக் குங்குமம் வைப்பார். மஞ்சளும் சீழும் கலந்து வருகிற வாடை இருக்கிறதே, பக்கத்தில் சாணியும் மூத்திரமுமாகக் கிடந்த எருமை அதைவிட மணமாக இருந்தது. இதில் பக்கத்து ஊர்ப் பெண்கள் கும்பிட வேறு வந்தார்கள். எட்டி நின்று, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஆத்தா, எம் புள்ளைக்கு நல்ல வாக்குச் சொல்லு," என்பார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு கும்பிடுகிற சாமி நான்தான். எனக்குச் சிரிப்பு வரும். பிறகு வாந்தி வரும்.

வீட்டிலும் மூன்று மாதம் தாளிக்காத சாறு. என் வீட்டுக்காரர் வாய் திறந்து பேசாதவர். ஒருநாள் சாளைக்கு வெளியே நின்றுகொண்டு, "ஏ புள்ள, வாயே செத்துப் போச்சு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இதெல்லாம் பெரிதில்லை. பால்தான் பெரிது. மார் கட்டிக்கொண்டு கல்லாகிவிடும். வேறு வழியில்லாமல் சாணி மேட்டில் பீய்ச்சி விடுவேன். என் பிள்ளை உள்ளே பசிக்கு அழுகிற சத்தம் கேட்கும். நான் இங்கே சாணிக்குப் பால் ஊற்றிக்கொண்டிருப்பேன். வைகாசிக் கடைசியில் பாலும் நின்று போயிற்று. அழுகைச் சத்தமும் குறைந்தது. நங்கை பசும்பாலைப் புகட்டிப் பழக்கிவிட்டார். அதற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பசுவின் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனிக் கடைசியில் ஒரு மத்தியானம், வருவது வரட்டும் என்று இரண்டு கட்டைவிரல் நகத்தாலும் கட்டியை அழுத்திப் பிதுக்கினேன். கண்ணில் நட்சத்திரம் பறந்தது. பொட்டென்று ஒரு சத்தம். கரும்புள்ளி தெறித்து, அதன் பின்னாலேயே வெள்ளையாக, கெட்டியாக, புழு நெளிகிற மாதிரி ஒன்று நீளமாக வந்து கொண்டே இருந்தது. திரிந்த பாலைப் பிழிந்து நாலு நாள் மூடி வைத்த மாதிரி நாற்றம். என் கையெல்லாம் ஒட்டிக்கொண்டது. தினமும் வெண்ணெய் எடுத்த கை இது. அன்றைக்குப் பிறகு ஒரு வருஷம் நான் வெண்ணெயை வாயில் வைக்கவில்லை. வயிற்றில் இருந்ததெல்லாம் வெளியே வந்தது. ஆனால் தடவிப் பார்த்தேன். நெற்றி சமமாக இருந்தது!

"நங்கை! நங்கை! எறங்கிருச்சுங்க!" என்று கத்தினேன்.

நங்கை ஓடி வந்து பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் பிதுக்கியதைச் சொல்லவில்லை. தானாக இறங்கியது என்றேன். பண்டாரம் வந்தார். வருகிற வெள்ளிக்கிழமை தண்ணீர் ஊற்றலாம் என்று நாள் குறித்தார். நங்கை மயிலாவை இடுப்பில் தூக்கி வந்து சாளை வாசலில் நின்று, "அம்மாளப் பாரு கண்ணு, வெள்ளிக்கெழமை அம்மாகிட்டப் போலாம்," என்றார். மயிலா என்னைப் பார்த்துப் பயந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலையில் கண் விழித்தபோது நெற்றி கனத்தது. கை வைத்தேன். மறுபடி வந்துவிட்டது. முன்னைவிடப் பெரிதாக, எலுமிச்சங்காய் அளவு, தீயாகக் காய்ந்தது. நகம் பட்ட இடத்தில் பச்சையாகச் சீழ் வைத்திருந்தது. தண்ணீர் ஊற்றுவது நின்றது. பொய் சொன்னதற்குத்தான் ஆத்தா திரும்பி வந்துவிட்டாள் என்று நான் நம்பினேன்.

அன்றைக்குத்தான் அவளோடு சண்டை போட்டேன். "ஏ மாரி, உனக்கு உக்கார வேற எடமே கெடைக்கலியா? சீழுக்குள்ள உக்காந்திருக்கறயே, உனக்கு நாத்தம் தெரியாதா? எனக்குக் குமட்டுது, உனக்குக் குமட்டாதா? எறங்கிப் போ. இல்லாட்டி என்னக் கூட்டிட்டுப் போ. என்ற புள்ளைய மட்டும் ஒருக்கா என்ற மடியில போட்டுட்டுக் கூட்டிட்டுப் போ. இந்த நாத்தத்த ஒரு சொல்லு மறைக்காம ஊருக்கே சொல்றேன்." இதுதான் என் பிரார்த்தனை. இதில் பக்தி எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். எனக்கும் தெரியாது. ஆனால் அதைத்தான் அவள் கேட்டாள்.

மறு வியாழக்கிழமை. எங்கள் உழவு மாடு ஒன்றுக்குக் கழுத்தில், நுகம் படுகிற இடத்துக்குக் கீழே, வெகுநாளாக ஒரு கட்டி. வேலைக்கு ஆகவில்லை என்று என் வீட்டுக்காரர் மாட்டு வைத்தியரை அழைத்து வந்தார். புகையிலை அடக்கிய வாயும் சிடுமூஞ்சியுமாக ஒருவர். மாட்டைச் சாய்த்துக் காலைக் கட்டினார்கள். எனக்கு நாலு முழத்தில் நடந்தது. எல்லாம் பார்த்தேன்.

கட்டியின் நடுவில் ஒரு கரும்புள்ளி இருந்தது. எனக்கு இருந்த மாதிரியே.

அவர் பழுக்கக் காய்ச்சி ஆற்றிய கத்தியால் தோலை மட்டும் கீறினார். உள்ளே வெள்ளையாக ஒரு பை தெரிந்தது. அதன் ஓரத்தில் கத்தி பட்டுக் கொஞ்சம் கசிந்தது. அதே வெள்ளை. அதே நாற்றம். எனக்கு எங்கே இருந்தாலும் தெரியும் அந்த நாற்றம். என் வீட்டுக்காரர், "அமுக்கி வெளிய எடுத்துட்டாப் போதாதுங்களா?" என்று கேட்டார்.

"அமுக்குனா அப்பத்திக்கு வடியும். பை உள்ளாற இருந்தா நாலு நாள்ல திரும்ப ரொம்பிக்கும். பையோட எடுக்கோணும்."

விரலை விட்டுச் சுற்றிலும் நெகிழ்த்தி, முழுப் பையாக எடுத்து, வாசல் மண்ணில் எறிந்தார். காக்கை ஒன்று வந்து பார்த்துவிட்டுத் தொடாமல் போய்விட்டது. அப்படி ஒரு கழிசடை அது.

நான் எழுந்து உட்கார்ந்தேன். மாட்டுக்கு ஆத்தா வந்திருக்கிறாள் என்று யாரும் கும்பிடவில்லையே! "ஏனுங்க வைத்தியரே, என்ற நெத்தியில இருக்கறதும் இதேதானுங்களா?" என்று கேட்டேன். அவர் கிட்டே வந்து, மூக்கைப் பொத்தாமல், குனிந்து பார்த்தார். அந்த ஒன்றுக்காகவே அவர் குலம் நன்றாக இருக்க வேண்டும்.

"இதேதானம்மணி. ஆனா நான் மனுசருக்குக் கத்தி எடுக்கறதில்ல. மலையாளத்துச் சித்தூர்ப் பக்கத்து ஆஸ்பத்திரில ஒரு டாக்டரம்மா இருக்கறாங்க. அங்க போங்க. நீங்களா அமுக்காதீங்க."

அமுக்கியதை அவர் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிட்டார். அப்போது என் வீட்டுக்காரர் முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். சீப்பால் குத்தியது, நகத்தால் பிதுக்கியது, பொய் சொன்னது, எல்லாம். வீட்டுக்காரர் கேட்டுவிட்டு, "நாளைக்கு வண்டி கட்டறேன்," என்றார்.

நங்கை விடவில்லை. ஆத்தா இருக்கிற இடத்தில் கத்தி பட்டால் பிள்ளைக்கு ஆகாது என்று மயிலாவை அணைத்துக்கொண்டு அழுதார். பண்டாரத்தைக் கேட்காமல் வண்டி நகரக்கூடாது என்றார். மறுநாள் பண்டாரம் கோயிலில் இருந்தார். ஆடி முதல் வெள்ளி, ஊரே அங்கே நின்றது. நான் சாளையை விட்டு இறங்கி நடந்தேன். தெருவில் பெண்கள் விலகி விலகி நின்றார்கள். தண்ணீர் ஊற்றாத எனக்குக் கோயிலுக்குள் போக உரிமை இல்லை. வாசலுக்கு வெளியே நின்றேன். கருவறை நேராகத் தெரிந்தது.

"கத்தி வெக்கலாமுங்களா?" என்று கேட்டேன்.

"அம்மணி, எத்தன தடவ சொல்றது? ஆத்தாளுக்கு இரும்பு ஆகாதுங்க."

இனி நடந்ததை நான் சாமர்த்தியமாகச் செய்தேன் என்று ஊரில் சொல்லுகிறார்கள். இல்லை. எனக்கு அந்த அறிவு கிடையாது. அந்தச் சொல் எனக்கு வந்தது. அவ்வளவுதான் தெரியும்.

"அப்ப அவ கையில இருக்கறது என்னுங்க?"

பண்டாரம் திரும்பிப் பார்த்தார். "சூலம்," என்றார்.

"எதுல அடிச்சதுங்க?"

பண்டாரத்தின் தகப்பனார் கொல்லரிடம் சொல்லி இரும்பில் அடித்து வைத்த சூலம் அது, எல்லோருக்கும் தெரியும். பண்டாரம் திருநீற்றுத் தட்டை எடுத்து வந்து, என் கையில் போட்டார். கிட்டே வந்ததும் அவர் முகம் கோணியது. அந்த நாற்றத்தை அன்றைக்குத்தான் அவர் முகர்ந்தார் போலிருக்கிறது. "போயிட்டு வாங்க," என்றார்.

டாக்டரம்மா மலையாளத்துக்காரர். முதல் வேலையாக என் தலையைத்தான் பார்த்தார். முகம் சுருங்கியது, மறைக்கவில்லை. ஆயாவைக் கூப்பிட்டு வெந்நீர் வைத்து என் தலையை அலசச் சொன்னார். மூன்று தண்ணீர் கறுப்பாகப் போயிற்று. தண்ணீர் ஊற்றினால் ஊருக்கு ஆகாது என்று சொன்ன தலை. நான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊருக்கு ஒன்றும் ஆகவில்லை.

உடனே வெட்டவில்லை. சீழை வடித்து, பத்து நாள் அங்கேயே இருத்திப் புண்ணைக் கழுவிக் கட்டி, சிவப்பு அடங்கின பிறகு ஊசி போட்டு மரக்க வைத்தார். "பேடிக்கண்டா அம்மே," என்றார். பயப்படாதே என்று அவர்கள் பேச்சு. வலி தெரியவில்லை, இழுக்கிறது மட்டும் தெரிந்தது. பையை எடுத்துத் தட்டில் வைத்துக் காட்டினார். பார்க்க மாட்டேன் என்றேன். பார், உன்னுடையதுதான் என்று, எனக்குப் புரிகிற அரைத் தமிழில் விளக்கினார். மேல்தோலில் கொஞ்சம் உள்ளே மடங்கிப் பையாகிவிடுமாம். மேலே அழுக்காக உதிர வேண்டியது அந்தப் பைக்குள்ளேயே உதிர்ந்து சேருமாம். கரும்புள்ளி அதன் வாயாம். அம்மையும் அல்ல, யாருக்கும் ஒட்டுவதும் அல்ல. குத்தினால், பிதுக்கினால் உள்ளே உடைந்து சீழ் வைக்கும். இவ்வளவுதான்.

நூறு நாளுக்கு மேல் ஊர் கும்பிட்டது ஒரு பை அழுக்கை. அந்த வெட்கம் எனக்கு இன்றைக்கும் போகவில்லை. முத்து இறங்கினால் அதை ஆத்தாள் காலடியில் வைப்பதாக நங்கை வேறு வேண்டியிருந்தார். நான் ஆயாவிடம் சொல்லிக் குழி தோண்டிப் புதைக்கச் செய்தேன். ஆத்தா கோபிக்கவில்லை.

ஆடிக் கடைசி வெள்ளி எனக்கு முறைப்படி மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். பண்டாரம்தான் ஊற்றினார். நங்கை மயிலாவைக் கொண்டு வந்து என் மடியில் போட்டார். அவள் வீரிட்டு அழுது நங்கையிடமே தாவினாள். நங்கை உடனே தூக்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அழுதுகொண்டே சுவரோரம் போய் நின்றார். பிள்ளை அழுது ஓய்ந்து, என் நெற்றித் தழும்பை விரலால் தொட்டுப் பார்த்து, அப்புறம் தூங்கிப் போனாள். அன்று அரைநாள் நான் அசையவே இல்லை. கால் மரத்துப் போயிற்று. அன்று வீட்டில் கடுகு தாளித்தார்கள்.

மாரியாத்தா உருண்டையைக் கரைக்கவில்லையே, கத்திதானே எடுத்தது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். நான் மூன்று மாதம் அவளைக் கரை கரை என்று கேட்டேன். அவள் எனக்குப் பக்கத்தில் ஒரு மாட்டைக் கட்டி, அதன் கழுத்தைக் காட்டி, கையில் இருக்கிற சூலத்தையும் காட்டினாள். இதற்கு மேல் ஒரு தாய் எப்படிச் சொல்லுவாள்? அவளை நம்புங்கள். நம்பிக்கொண்டு, காட்டுகிற இடத்துக்கு எழுந்து போங்கள். நெற்றியிலோ முதுகிலோ கட்டி இருந்தால் அதை மறைக்காதீர்கள், குத்தாதீர்கள், பிதுக்காதீர்கள், கும்பிடவும் செய்யாதீர்கள். துணைக்கு ஆள் வேண்டுமானால் என்னைக் கூப்பிடுங்கள், வருகிறேன்.

நேற்றுச் சாயங்காலம் மயிலாவுக்குத் தலை பின்னும்போது காதுக்குப் பின்னால் என் விரலில் ஒன்று தட்டியது. கடலைப் பருப்பு அளவு, நகர்கிறது. சில குடும்பத்தில் இது தாய்க்கும் பிள்ளைக்கும் வரும் என்று டாக்டரம்மா அன்றே சொல்லியிருந்தார். மயிலா இரவெல்லாம் அழுதாள். அதனால்தான் இன்று இதை அவள் கையாலேயே எழுத வைத்தேன். இப்போது அழவில்லை, நாற்றத்தை எழுதின கோபத்தில் என்னை முறைக்கிறாள்.

வெளியே சத்தம் கேட்கிறது. நங்கைதான். கட்டுச்சோற்று மூட்டையோடு எங்களுக்கு முன்னால் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"ஏ வேலாத்தா, எழுதுனது போதும், புள்ளையக் கூட்டிட்டு வா. வெயில் ஏறுது, ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு!"